பிள்ளை கூப்பிடுகிறவள்

சௌமிய வருஷம் பங்குனி பிறந்ததும் நாணற்குடி மேலத்தெருவில் பெண்பிள்ளைகள் கடிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் கடிபட்டது அன்னத்தாயின் கட்டைவிரல். கடித்தவளுக்கு ஆறு வயசு. அதுவரை யாரிடமும் முகம் சுளித்துக்கூடப் பேசாதவள். பாயிலிருந்து எழுப்பி, முகம் கழுவி, தலைசீவி, தாய்க்காரி அவள் கையைப் பிடித்து அன்னத்தாயின் கையில் கொடுத்தபோது குனிந்து பல் பதியக் கடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் அடிக்கக் கை ஓங்கினாள். தூக்கக் கலக்கம், விடு என்று சொல்லிவிட்டு அன்னத்தாய் அந்தப் பிள்ளையை அடுத்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விரல் விண்விண்ணென்று தெறித்தது. கோபம் வந்தது. பிள்ளை மேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. யார் மேல் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

பிள்ளை கூப்பிடுவதுதான் அன்னத்தாயின் வேலை. ஆற்றுக்குப் போகிற சாலையில், கடைசி வீட்டையும் தாண்டி, ஒரு புங்கமரத்தின் பக்கத்தில் மிஷன்காரர்கள் பெண்பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். செங்கல் சுவர், ஓலைக்கூரை, ஒரு டீச்சர். மேலத்தெருப் பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் எவ்வளவு சின்னவர்களானாலும் தனியே சாலையில் நடக்கக் கூடாது. காலையில் வீடு வீடாகப் போய் அழைத்து வரவும் சாயங்காலம் வீடு வீடாகக் கொண்டு விடவும் ஒருத்தி வேண்டும். அவளும் அதே தெருக்காரியாக இருக்க வேண்டும்.

அன்னத்தாய்க்குப் பன்னிரண்டு வயசில் கல்யாணம். பத்தொன்பதில் புருஷன் வாந்திபேதியில் போனான். திரும்பி வந்து அண்ணன் வீட்டு அடுப்படியில் இருபது வருஷம் புகை தின்றாள். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, யாரையும் கேட்காமல், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிடுவாள் என்று தெரு பேசியது. அவள் சேரவில்லை. நெற்றியில் திருநீறோடுதான் ஏழு வருஷம் போய் வந்தாள்.

முதல் வருஷம் மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்ற வீடுகளின் வாசலில் அவள் நாள்தோறும் போய் நின்றாள். படிப்பின் பெருமை எதையும் அவள் சொல்லவில்லை. அவளுக்கே எழுத்துத் தெரியாது. "கொண்டு போன மாதிரியே கொண்டு வந்து தாரேன்" என்று மட்டும் சொன்னாள். தாய்மாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஏழாம் வருஷம் பிள்ளைகள் பதினான்கு பேர். ஒரு பிள்ளையும் கால் இடறி விழுந்ததில்லை. ஒரு பிள்ளையின் தோட்டுத் திருகாணிகூடத் தொலைந்ததில்லை. தாய் கையிலிருந்து வாங்கிய கையைத் தாய் கையில்தான் திருப்பிக் கொடுப்பாள். தாய் கிணற்றடியில் இருந்தால் வருகிறவரைக்கும் வாசலில் காத்து நிற்பாள்.

தண்ணீரும் அவள் பொறுப்பு. காலையில் தெருக் கிணற்றில் பித்தளைக் குடம் நிறைய இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். குடம் புங்கமரத்தடியில் மூன்று கல்லின் மேல் உட்காரும். தாகம் என்று வருகிற பிள்ளை கைகளைக் குவித்துக் குனியும். இவள் செம்பால் மொண்டு ஊற்றுவாள். பள்ளிக்கூடத்துக்குள் மூலையில் டீச்சருக்கென்று ஒரு மண்பானை இருந்தது. அது வேதக்காரர் பானை. புதிதாக வருகிற பிள்ளைக்கு அகரம் எழுதக் கற்பிப்பது டீச்சர். அந்தப் பானைப் பக்கம் போகக் கூடாது என்று கற்பிப்பது அன்னத்தாய். அவள் பாடம்தான் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்தது.

டீச்சரின் பெயர் விக்டோரியா. பாளையங்கோட்டையில் படித்துத் தேறிய இருபத்துநாலு வயசுப் பெண். நல்லவள்தான். வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து பிள்ளைகளைப் பரீட்சை பார்த்து எழுதுகிற இரண்டு வரியில் பள்ளிக்கூடம் நிற்கும் அல்லது விழும். அதனால் தை மாதம் முடிந்தால் விக்டோரியாவின் முகம் மாறும். மாசி கடைசியில் பரீட்சை என்று கார்டு வந்தது. வாய்ப்பாடு, மனக்கணக்கு, தையல், கும்மி, வரவேற்புப் பாட்டு எல்லாம் தயாராயின. பிள்ளைகளும் துள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். முந்தின நாள் இன்னொரு கார்டு வந்தது. பதினைந்து நாள் தள்ளிவைத்திருக்கிறது என்று. பதினைந்து நாளும் மறுபடி அதே கும்மி, அதே பாட்டு. மறுபடி முந்தின நாள் கார்டு. இப்போது பங்குனி உத்திரம் கழிந்து இரண்டாம் நாள் என்று வைத்தார்கள்.

சமைத்து ஆறிப்போனதைத் திரும்பத் திரும்பச் சுட வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. காலை ஏழு மணிக்குப் போனால் உச்சிவரை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரம்வரை. ஒருத்தி நடுச்சாலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். ஒருத்தி சிலேட்டைக் கிணற்றில் போட்டாள். யார் போட்டது என்று கேட்டதற்கு, தானாக விழுந்தது என்றாள், அதையே நாலு நாள் சொன்னாள். அக்கா தங்கை இரண்டு பேர் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடம்வரை நடந்தார்கள், பேச்சு மூச்சில்லாமல். மூன்று வருஷமாகப் பாவாடையை நனைக்காதவள் கும்மி வட்டத்தில் நின்றபடியே நனைத்துவிட்டு, யாரோ தண்ணீர் கொட்டிவிட்டார்கள் என்று அழுதாள். தாய்மார் அடித்தார்கள். டீச்சர் பிரம்பை எடுத்தாள். பிள்ளைகளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்றார்கள் வீட்டு ஆண்கள். பிள்ளைகளின் கைகள் தினம் அன்னத்தாயின் பிடியில் வந்து போகிறவை. அவளுக்குத் தெரியும். கொழுப்பு ஏறின பிள்ளையின் கை திமிறும். இந்தக் கைகள் துணி மாதிரித் துவண்டு கிடந்தன.

எல்லாரையும்விட அவளைப் பயமுறுத்தியவள் வடிவு. எட்டு வயசு. வடிவு கடிக்கவில்லை, அழவில்லை. காரணம் இல்லாமல் சிரித்தாள். சிலேட்டுப் பல்பத்தைக் கொறித்துத் தின்றாள். நடந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகித் தூங்கினாள்.

வடிவின் தகப்பன் தில்லைநாயகம் பிள்ளை. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் பெரிய வயல்காரர்கள். இப்போது பேச்சில் மட்டும் வயல் மிச்சம். பக்கத்து வீட்டுக் குற்றாலலிங்கம் பிள்ளை அவருக்குச் சித்தப்பா மகன். நடுச்சுவர் ஒன்றுதான். போன வருஷப் பரீட்சையில் குற்றாலலிங்கம் மகள் கோமு நன்றாகப் பாடினாள் என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு சீமைப் பொம்மை கொடுத்தாள். படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிறுத்தினால் திறக்கும். குற்றாலலிங்கம் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கோமு அதைத் தொட்டது முதல் நாள் மட்டும்தான். ஒரு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவரே பள்ளிக்கூடத்து வாசல்வரை போய், திருநெல்வேலி ஜில்லாப் படத்தில் குச்சி வைத்துக் காட்டித் தாலுகாக்களையும் ஆறுகளையும் தன் மகள் ஒப்பிக்க வேண்டும், மற்றவர்கள் போன பிறகும் அவளை நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள் என்று விக்டோரியாவிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அதனால் எல்லாப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அன்னத்தாய் இன்னொரு தடவை வடிவுக்காகத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

உத்திரத்துக்கு நாலு நாள் முன்பு அவள் டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். இரண்டு நாள் வீட்டில் கிடக்கட்டும் என்றாள். விக்டோரியாவுக்கு உதடு வெடித்திருந்தது. அவளும் தூங்கி வாரக்கணக்காகியிருந்தது. தனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றும், இந்த வருஷம் சரியில்லை என்று எழுதிவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், பிறகு இந்தப் பிள்ளைகள் அடுப்படிக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னாள். அது பொய்யில்லை. பொய்யில்லாத காரணத்தாலேயே அன்னத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

தில்லைநாயகத்திடமும் போனாள். அவர் நடையில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை பல்பம் தின்பதைச் சொன்னாள். எல்லாப் பிள்ளையும் தின்பதுதான் என்றார்.

"நின்னுக்கிட்டே தூங்குது, அண்ணாச்சி."

"பிள்ளையைக் கூப்பிடத்தானே உன்னைய வச்சிருக்கு? படிப்பைப் பத்திப் பேச டீச்சர் இருக்கா." அவர் சுவர்ப் பக்கம் தலையை ஆட்டினார். "அங்கன அலமாரிக்குள்ள ஒண்ணு கண்ணை மூடித் தூங்குதே, பாத்தியா? அது நம்ம வீட்டுக்கு வந்து தூங்கட்டும். பொறவு எம்மக தூங்குவா."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார்.

உத்திரத்தன்று ஒரு நாள் லீவு கிடைத்தது. அது லீவும் இல்லை. தெருவே வண்டி கட்டிக்கொண்டு தேரிக்காட்டில் இருக்கிற சாஸ்தா கோவிலுக்குப் போயிற்று. பொங்கல், படைப்பு, வெயில், மணல். திரும்பி வரும்போது இருபது வண்டிகளும் ராத்திரி முழுக்க மணலில் சிக்கிச் சிக்கி நகர்ந்து, விடிகிற நேரத்தில்தான் தெருவில் வந்து நின்றன. கடைசி வண்டியில் அன்னத்தாயும் இருந்தாள். இன்றைக்குப் பிள்ளைகள் தூங்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள். முன் வண்டியிலிருந்து தில்லைநாயகம் இறங்கி வந்து, நாளைக்குப் பரீட்சை, வழக்கம்போல ஏழு மணிக்கு வந்துவிடு என்றார். டீச்சரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாளாம். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து வடிவின் நகைகளை வாங்கிப் போக வேண்டும். நாளைக்குப் போடப் போகிறதை இன்றைக்கே போட்டுக் குச்சியும் கையுமாக நிற்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பதினான்கு பிள்ளைகளும் பாயைத் தொடவில்லை. கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரத்தலையோடு அன்னத்தாயின் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு யாரும் கடிக்கவில்லை. அது அவளுக்குக் கடித்ததைவிட மோசமாகப் பட்டது.

பள்ளிக்கூடத்தில் கும்மி நாலு முறை நடந்தது. அதற்குப் பிறகு வடிவைப் படத்தின் முன் நிறுத்தினார்கள். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி என்று குச்சி நகரும். பச்சையாறு வருகிற இடத்தில் பிள்ளை அதை விட்டுவிட்டுச் சிற்றாற்றுக்குத் தாவும். மேலேயிருந்து சொல்லு என்பாள் விக்டோரியா. மறுபடி சேர்வலாறு. மறுபடி பச்சையாறு விட்டுப்போகும். பதினோரு மணிக்கு அன்னத்தாய் நகை வாங்கப் புறப்படும்போது அது எட்டாவது தடவை.

தில்லைநாயகம் ஒவ்வொரு நகையாக எடுத்து, துடைத்து, பெயர் சொல்லிக் கொடுத்தார். முக்கால்மணி நேரம் போயிற்று. மடியில் முடிந்துகொண்டு திரும்பியபோது புங்கமரத்தடியில் குடம் கவிழ்ந்து உருண்டு கிடந்தது. கல்லைச் சுற்றி ஈரம். ஈரத்தில் சின்னச் சின்னக் கால் தடங்கள். யார் முதலில் குடிப்பது என்று இரண்டு பொடிசுகள் சண்டை போட்டுக் குடத்தைப் பிடித்து இழுத்திருக்கின்றன. உள்ளே சத்தமே இல்லை.

பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் தரையில் வடிவு. தலை விக்டோரியாவின் மடியில். குச்சி இன்னும் கையில் இருந்தது. விக்டோரியா மண்பானைத் தண்ணீரை ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டு பிள்ளையின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மோவாய் வழியாக வழிந்து சட்டையை நனைத்தது. வடிவு பல்லை இறுக்கிக் கடித்திருந்தாள். கண் பாதி செருகியிருக்கிறது, உதடு வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது, பல் மட்டும் திறக்கவில்லை. வட்டத்தில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக, குடிச்சிராதட்டி, அத்தை வந்திருவா என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்னத்தாய் வாசலில் நின்றாள். தெருக் கிணற்றுக்குப் போய்வரக் கால்மணி நேரம் ஆகும். இந்தப் பிள்ளைக்குப் பச்சையாறு மறந்துபோயிற்று. சொந்தப் பெயர்கூட இப்போது கேட்டால் மறந்திருக்கும். பானையைத் தொடக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. யார் மேல் கோபம் என்று ஒரு மாதமாகத் தெரியாமல் இருந்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு ஆள் அகப்பட்டது. தானே.

உள்ளே வந்து விக்டோரியாவின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். பானையில் புதிதாக மொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள்.

"வடிவு. வாயைத் திற."

கண் திறந்தது. "அத்தை, அந்தப் பானை."

"அந்தப் பானைதான். நான் தாரேன். குடி."

பல் திறந்தது. பிள்ளை மூன்று டம்ளர் குடித்தது. குடித்த வேகத்தில் மூக்கில் ஏறி இருமியது, இருமலோடு சேர்த்துக் குடித்தது. யாரும் அசையவில்லை. பிறகு கோமு ஓரடி முன்னால் வந்தாள்.

"எனக்கு, அத்தை?"

அன்னத்தாய் அவளுக்கும் மொண்டு கொடுத்தாள். அடுத்து நின்றவளுக்கும். குடம் கவிழ்ந்ததிலிருந்து எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்ற பதினான்கு பேரும் குடித்தார்கள். பானை காலியாயிற்று. விக்டோரியா எழுந்து நின்றாள்.

"நாளைக்கு இங்க பள்ளிக்கூடம் இருக்காது, அன்னத்தாயம்மா."

"இன்னைக்கே இல்லை" என்று சொல்லிவிட்டு அன்னத்தாய் வடிவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டு வயசுப் பிள்ளை கனக்கவில்லை. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மற்றப் பதின்மூன்று பேரையும் வாசல் வாசலாகத் தாய் கையில் கொடுத்துக்கொண்டே போனாள். குடம் கவிழ்ந்ததையும் பானைத் தண்ணீர் கொடுத்ததையும் ஒவ்வொரு தாயிடமும் அவளே சொன்னாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி சட்டென்று பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வீட்டு ஆண்கள் எழுந்திருக்க வேண்டும். ராத்திரி வண்டிப் பிரயாணத்தில் அசந்துபோய் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தில்லைநாயகம் மட்டும் விழித்திருந்தார். அன்னத்தாய் பிள்ளையை நடையில் படுக்க வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சுவர்ப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அவம் மகளும் குடிச்சாளா?"

"குடிச்சா."

அவர் மறுபடி உட்கார்ந்தார். அப்படியானால் அவன் வாயைத் திறக்க மாட்டான் என்றார். ஒரு வீடு என்றால் கதை வேறு, பதினான்கு வீடும் குடித்திருக்கிறது, யார் யாரைச் சொல்வது, தலைக்குத் தண்ணீர் ஊற்றித் திருநீறு பூசினால் தீர்ந்தது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டு முடித்தார். ஏழு வருஷம் இடுப்பில் குடம் சுமந்து காத்தது இவ்வளவு சுலபமாகத் தீர்கிற விஷயமா என்று அன்னத்தாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு உடம்பு தோசைக்கல்லாகக் காய்கிறது என்றாள். கஷாயம் கொடுத்தால் சரியாகிவிடும், நாளைக்கு ஏழு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போ என்றார். பிறகு ஞாபகம் வந்தவர் போலக் கேட்டார்.

"ஆறெல்லாம் ஒப்பிச்சாளா?"

அன்னத்தாய் மடியை அவிழ்த்து நகை முடிச்சை அவர் முன்னால் வைத்தாள். வாயைத் திறந்திருந்தால் கை ஓங்கியிருப்பாள். அவளுக்கே அது தெரிந்தது.

கொல்லைப் பக்கமாக வெளியே போகும்போது வடிவின் அம்மை தொழுவத்தருகே நின்றாள். கணவன் இருக்கிற இடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"மதினி, நாளைக்கு நீங்க வராட்டாலும் அவுக தூக்கிட்டுப் போயிருவாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் அன்னத்தாய் குடம் எடுக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு முன்பே தெருவில் இறங்கி, முதலில் தில்லைநாயகத்தின் வாசலில் போய் நின்றாள். அவர் குளித்துப் பட்டை போட்டு, வண்டிக்காரனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டுத் தயாராக இருந்தார். உள்ளே தாய் வடிவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளையின் தலை தொங்கியது.

பரீட்சை இன்றைக்கு இல்லை, மறுபடி தள்ளிவைத்துக் கார்டு வந்திருக்கிறது என்று அன்னத்தாய் சொன்னாள்.

அவர் நம்பினார். முன்பு இரண்டு தடவை அப்படி நடந்திருந்தது. அதோடு இந்தத் தெரு வாசல்களில் அன்னத்தாய் இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. அந்த அம்மாளுக்கு வேறு சோலி கிடையாதா என்று இன்ஸ்பெக்டரைத்தான் வைதார். கார்டு எங்கே என்று கேட்டார். டீச்சரிடம் இருக்கிறது என்றாள். அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட வழுக்கிக்கொண்டு வந்தது. வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் உள்ளே போனார். தாய் வடிவைப் பாயில் கிடத்துவதை அன்னத்தாய் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

மற்றப் பதின்மூன்று வாசலிலும் அதையே சொன்னாள். முந்தின நாள் தண்ணீர்ப் பேச்சு நெஞ்சில் கிடந்தாலும் ஒரு தாயும் அதை எடுக்கவில்லை. ஒருத்தி, நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டுத் தானும் பிள்ளை பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒருத்தி காது கேட்காதவள் போலக் கதவைச் சாத்தினாள். தெரு அடங்கியது. பதினான்கு வீட்டிலும் பிள்ளைகள் தூங்கினார்கள்.

பிறகு அன்னத்தாய் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். விக்டோரியா காகிதத் தோரணம் கட்டி, மாலை வாங்கி வைத்து, வெளுத்த சேலையில் வாசலில் நின்றாள். அன்னத்தாயின் பின்னால் சாலையைப் பார்த்தாள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள்.

"தூங்குதுவ."

அதற்குமேல் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றும் மறைக்காமல். விக்டோரியா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஓடிப்போய்க் கூட்டி வரலாமா என்று அவள் எழுவதற்குள் சாலையில் வில்வண்டியின் மணி கேட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வெளியூர்க்காரி. கனத்த உடம்பு, கறுப்புக் குடை, அயர்ந்த முகம். காலி அறையைப் பார்த்தாள். நான்தான் கூப்பிடவில்லை, பிள்ளைகளுக்கு முடியவில்லை என்று அன்னத்தாய் சொன்னாள். அந்த அம்மாள் பாதி கேட்டாள். ஏன் முடியவில்லை என்று கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி நின்றபடியே இரண்டு வரி எழுதினாள், வண்டிக்குத் திரும்பினாள். அடுத்த ஊருக்கும் வெயிலுக்கு முன்னால் போக வேண்டுமாம்.

வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த பியூனிடம் அன்னத்தாய், ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை எவ்வளவு நேரம் நடக்கும் என்று விசாரித்தாள். அரைமணி நேரம் என்றான் அவன். ஒரு பாட்டு கேட்பார்கள், தையலைப் பார்ப்பார்கள், பொம்மை கொடுப்பார்கள், தீர்ந்தது.

"ஆறெல்லாம் கேக்க மாட்டாகளா?"

"எந்த ஆறு?" என்றான் பியூன்.

மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தில்லைநாயகம் அன்னத்தாயின் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினார். முந்தின நாள் தீர்ந்தது என்று மூடி வைத்த தண்ணீர்ப் பேச்சை அவரே தெருவில் கொட்டினார். வேதக்காரத் தண்ணீரைக் கொடுத்துப் பதினான்கு வீட்டையும் கெடுத்துவிட்டாள், பரீட்சையையும் கெடுத்துவிட்டாள் என்றார். எது பெரிது என்று அவருக்கே முடிவாகவில்லை. ஒன்றைச் சொல்லும்போது மற்றது நடுவில் வந்து விழுந்தது. குற்றாலலிங்கமும் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, அவள் இனி இந்த நடையைத் தாண்ட மாட்டாள் என்று வாக்குக் கொடுத்தான்.

அன்னத்தாய் உள்ளேயிருந்து வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கிச்சா?" என்று கேட்டாள்.

தில்லைநாயகத்துக்குத் தெரியாது. அங்கே கூடி நின்ற அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இன்னும் உரக்கக் கத்தினார்.

காய்ச்சல் ஏழாம் நாள் இறங்கியது. அதை வடிவின் அம்மை கொல்லை வழியாக ஆள் விட்டுச் சொன்னாள்.

சித்திரையில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அன்னத்தாய்க்குச் சீட்டுக் கிழிந்தது. மேலத்தெருவில் எந்த வீட்டிலும் மாவிடிக்கக்கூட அவளைக் கூப்பிடக் கூடாது என்று கட்டுப்பாடு. அண்ணன் வீட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். காலையில் தன்னால் விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, பதினான்கு பெயரையும் வரிசையாக மனசுக்குள் கூப்பிட்டு முடித்தால்தான் அடுப்பைப் பற்றவைக்கக் கை வரும். கோபம் அடங்கவில்லை. விறகை முறிக்கிற சத்தத்தில் அண்ணன் மனைவிக்கு அது கேட்டது.

விக்டோரியாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புறப்படுகிற அன்றைக்கு அவள் மேலத்தெரு வழியாக வண்டியை விடச் சொல்லி, அன்னத்தாயின் அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத்துச் சந்தில் நிறுத்தினாள். அன்னத்தாய் வெளியே வந்தாள். விக்டோரியா இறங்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது. அழுததா, கோபமா என்று சொல்ல முடியாது.

"எங்கிட்ட முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருந்தா?"

பொய் சொல்ல விக்டோரியாவுக்கு மனசு வரவில்லை.

"நானே வீடு வீடாப் போய் எழுப்பியிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள் அன்னத்தாய்.

விக்டோரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக்காரனை ஓட்டச் சொன்னாள். அன்னத்தாய் வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.